சீதக்காதி வள்ளலும் நம் வீட்டு வள்ளல்களும்



நம்மில் யாருடைய குடும்பத்தை எடுத்துக் கொண்டாலும் அதில் ஒரு பெரியவர் இருந்திருப்பார். முதன் முதலாகக் கப்பலேறி இந்தச் சீமைக்கு வந்தவர் அவராக இருக்கலாம். தம்பி, மச்சான், மருமகன் என்று ஒவ்வொருவராக வரவழைத்து, கடையில் நிறுத்தித் தொழில் பழக்கிக் கொடுத்தவராக இருக்கலாம். ஊரிலே இருந்த குமர்களைக் கரை சேர்த்தவரும், பள்ளிவாசலுக்குத் தூண் வாங்கிக் கொடுத்தவரும், ஓதுகிற பிள்ளைக்குக் கிதாபு வாங்கிக் கொடுத்தவரும் அவராகவே இருக்கலாம். அவர் ஹயாத்தோடு இருந்த காலத்தில் அவர் வாசலில் வந்து நின்றவர் வெறுங்கையோடு திரும்பியதில்லை. அவர் மவுத்தானதும் வீடே அழுகிறது. மூன்றாம் நாள் ஓதுகிறோம். நாற்பதாம் நாள் ஓதுகிறோம். ஆண்டு திரும்பினால் சோறு ஆக்கி நாலு பேருக்குப் போடுகிறோம். அவர் படத்தை மாட்டாவிட்டாலும் அவர் பேச்சை எடுத்துக் கண் கலங்குகிறோம்.

அதெல்லாம் சரி. ஆனால் அவர் கொடுத்துக் கொண்டிருந்தாரே, அந்தக் கொடை என்ன ஆயிற்று? அவர் கை மண்ணுக்குள் போனதும் அதுவும் கூடவே போய்விட்டதா? அவரை நம்பியிருந்த விதவையும் எத்தீமும் மறு மாதம் முதல் யாருடைய வாசலுக்குப் போனார்கள்? நாம் அவரை மறக்கவில்லை என்று சொல்லுகிறோமே, அதற்கு அடையாளம் அழுகை மட்டும்தானா?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் சரித்திரம் ஒன்று நம் தமிழ் முஸ்லிம்களிடத்திலேயே இருக்கிறது. செத்த பிறகும் கொடுத்தவர் என்று தமிழ் பேசும் எல்லா ஜாதியாரும் எல்லா மதத்தாரும் பழமொழியாகச் சொல்லி வருகிற கீழக்கரைச் சீதக்காதி வள்ளலின் சரித்திரமே அது. அவரும் நம்மைப் போல ஒரு வியாபாரிதான் என்பதை முதலிலேயே மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

அன்னாரின் உண்மைப் பேர் ஷெய்கு அப்துல் காதிர் என்பது. ஜனங்கள் வாயில் அது செய்தக்காதி என்றும் சீதக்காதி என்றும் ஆகிவிட்டது. பெரியதம்பி மரக்காயர் என்பதும் அவருக்கே பேர். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர் பேர் பெற்று விளங்கினார். இராமநாதபுரம் சீமையில் மன்னார் வளைகுடாவின் கரையில் இருக்கும் கீழக்கரை அவர் ஊர். நமது சகோதரர்களில் அந்தக் கரையோரத்தைச் சேர்ந்தவர்கள் அநேகர் இருப்பதால் ஊரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முத்தும் சங்கும் எடுக்கிற கடல். விளைச்சல் குறைந்த மணல் பூமி. அங்கே பிறந்தவனுக்குக் கடல்தான் வயல், கப்பல்தான் ஏர். மரக்கலம் வைத்திருந்தவர்களே மரக்காயர் என்று பேர் பெற்றதாகப் பெரியோர் சொல்லுவர்.

அந்தக் கடல் அப்போது அமைதியான கடலாக இருக்கவில்லை. போர்த்துக்கீசியர் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அதை ஆட்டி வைத்துவிட்டு ஓய்ந்த நேரத்தில் ஒல்லாந்தர் வந்து சேர்ந்தார்கள். 1641இல் மலாக்கா அவர்கள் கைக்குப் போயிற்று. 1656இல் கொழும்பு போயிற்று. 1658இல் தூத்துக்குடி, யாழ்ப்பாணம், நாகப்பட்டினம் மூன்றும் ஒரே ஆண்டில் போயின. அதன் பிறகு நம்மவர் கப்பல் ஓட்ட வேண்டுமானால் ஒல்லாந்தருடைய அனுமதிச் சீட்டு வேண்டும். இன்ன சரக்கை ஏற்றலாம், இன்ன சரக்கை ஏற்றக் கூடாது, இன்ன துறைக்குப் போகலாம், இன்ன துறைக்குப் போகக் கூடாது என்று அவர்கள் சட்டம் போட்டார்கள். லைசென்சுக்கும் பெர்மிட்டுக்கும் அலைகிற நமக்கு அந்தக் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட காலத்திலும் அரிசி, துணி, சங்கு, மிளகு என்று பல சரக்கிலும் கை வைத்து, இலங்கைக்கும் வங்காளத்துக்கும் இன்னும் கீழ்த்திசைத் துறைகளுக்கும் வியாபாரம் நடத்திய கூட்டம் மரக்காயர் கூட்டம். அதிலே தலையாய் நின்றவர் நம் வள்ளல். ஒல்லாந்துக் கம்பெனியார் எழுதி வைத்த பழைய தஸ்தாவேஜுகளிலும் பெரியதம்பி மரக்காயர் பேர் வருகிறது. எதிரி தன் கணக்கில் ஒருவர் பேரை எழுதுகிறான் என்றால் அவர் சாமானியர் அல்ல என்பது விளங்கும்.

வள்ளல் என்றால் கணக்குப் பார்க்காதவர் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. கணக்குத் தெரியாதவன் முதலைத் தின்றுவிட்டுத் தானே கை நீட்ட வேண்டியவன் ஆவான். கப்பல் எந்தக் காற்றில் புறப்பட வேண்டும், எந்தத் துறையில் எந்தச் சரக்குக்கு விலை என்று அறிந்தவர்தான் நிலைத்துக் கொடுக்க முடியும். சீதக்காதி வள்ளல் கொடுத்தது அவர் சம்பாதித்ததிலிருந்து. அவர் சம்பாதித்தது கடலோடும் ஒல்லாந்தரோடும் போராடி.

அக்காலத்தில் சேது நாட்டை ஆண்டவர் ரகுநாத கிழவன் சேதுபதி. 1710 வரை அரசாண்ட அவரே போகலூரில் இருந்த தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றியவர். மதுரை நாயக்கருக்கு அடங்கி இருந்த நிலையை மாற்றிச் சேது நாட்டைத் தனி நாடாக நிறுத்தியவரும் அவரே. அந்த மன்னருக்கும் நம் வள்ளலுக்கும் இருந்த சிநேகிதத்தைப் பற்றி இராமநாதபுரத்துச் சரித்திரம் எழுதியவர்கள் பெருமையாகச் சொல்லுவர். மன்னர் சைவர், வள்ளல் முஸ்லிம். மன்னரிடம் சேனை இருந்தது, வள்ளலிடம் கப்பல் இருந்தது. ஒருவர் பலம் மற்றவருக்கு உதவிற்று. இராமநாதபுரம் கோட்டையைக் கல்லால் எழுப்பிய வேலையிலும் வள்ளலுடைய உதவி இருந்தது என்பர். மன்னர் தம் வம்சத்துப் பேரோடு சேர்ந்த விஜய ரகுநாத என்னும் பட்டத்தை வள்ளலுக்கு அளித்தார். டில்லிப் பாதுஷா அவுரங்கசீப் அவரை வங்காளத்துக்கு அதிகாரியாக அனுப்பினார் என்றும், அவர் அந்தப் பதவி வேண்டாமென்று ஊர் திரும்பிவிட்டார் என்றும் ஒரு கர்ணபரம்பரைக் கதையும் உண்டு. கதை எப்படியிருந்தாலும் அதைச் சொன்ன ஜனங்களின் கருத்து ஒன்றுதான். கொடுத்துப் பழகிய மனிதருக்குப் பதவி ருசிக்காது என்பதே அது.

கீழக்கரையில் கல்லாலான பழைய ஜும்ஆப் பள்ளிவாசலைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். தமிழ்நாட்டுச் சிற்பிகள் தங்களுக்குத் தெரிந்த திராவிட வேலைப்பாட்டிலேயே, உருவங்கள் இல்லாமல், பூவும் கொடியும் செதுக்கிய கல் தூண்களை நிறுத்திக் கட்டியது. அந்தப் பள்ளி வள்ளலின் திருப்பணி என்பது ஊர் வழக்கு. அன்னாரின் கபுறும் அந்த வளாகத்திலேயே இருக்கிறது. தாம் எழுப்பிய பள்ளியின் நிழலிலேயே தாம் படுத்துக் கொள்ளுவது எத்தனை பேருக்குக் கிடைக்கும் பாக்கியம்!

வள்ளலுக்குப் பணம் மட்டும் இருந்திருந்தால் அவர் ஒரு பணக்காரராக இருந்து மறைந்திருப்பார். அவருக்கு ஒரு நல்ல வழிகாட்டியும் இருந்தார். காயல்பட்டினத்தில் 1632இல் பிறந்து, கீழக்கரையில் வாழ்ந்து, 1703இல் வபாத்தாகி அங்கேயே அடக்கமாகியிருக்கிற ஸதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களே அந்த வழிகாட்டி. அரபு மொழியில் பெரும் புலமை கொண்ட மகான். அவர்களிடத்தில் வள்ளல் மாணாக்கர் போல நடந்து கொண்டார். பணமுள்ளவன் ஆலிமைத் தன் வாசலில் காத்திருக்க வைப்பது உலக வழக்கம். இங்கே பணமுள்ளவர் ஆலிமின் வாசலில் காத்திருந்தார். எங்கே கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்க வேண்டும், கொடுத்ததைச் சொல்லிக் காட்டாமல் எப்படி இருக்க வேண்டும் என்பவற்றை அறிவுடையோர் சகவாசமே ஒரு மனிதனுக்குச் சொல்லிக் கொடுக்கும்.

அந்நாளில் ஒரு பெரும் பஞ்சம் வந்தது என்றும், நெல்லும் பொன்னும் ஒரே விலையாக விற்றன என்றும் புலவர்கள் பாடி வைத்தார்கள். பஞ்ச காலத்தில் அரிசி வைத்திருப்பவன் என்ன செய்வான் என்பது வியாபாரிகளான நமக்குத் தெரியும். கதவைச் சாத்தி வைத்து இன்னும் ஒரு வாரம் பொறுத்தால் இரட்டை விலை. வள்ளல் தம் களஞ்சியக் கதவைத் திறந்துவிட்டார். உலையேற்றிச் சோறாக்கி வந்தவருக்கெல்லாம் போட்டார். எந்த ஊர், எந்த ஜாதி, எந்த மதம் என்று கேட்கவில்லை. ஆகையினாலேதான் அவருடைய கொடையைப் பாடியவர்களில் முஸ்லிம் அல்லாத புலவர்கள் இருக்கிறார்கள். தொண்டைமண்டல சதகம் பாடிய படிக்காசுப் புலவர் அவர்களில் ஒருவர். வள்ளலின் பேரால் ஒரு நொண்டி நாடகமும் உண்டு. திருட்டுத் தொழிலில் காலை இழந்த ஒருவன் வள்ளலுடைய ஆதரவினால் திருந்தி மக்கமா நகர் போய்க் கால் பெற்று மீளுவதாக அந்தக் கதை நடக்கும். திருடனுக்குக் கூடத் திரும்பி வர ஒரு வழி வைத்துக் கொடுத்தவர் என்று ஜனங்கள் அவரை நினைத்தார்கள் என்பதற்கு அது சாட்சி.

இனி அவர் செய்த கொடைகளில் எல்லாவற்றுக்கும் பெரியதைச் சொல்லுகிறேன். அக்காலத்துத் தமிழ் முஸ்லிம்கள் தமிழே பேசினார்கள். ஆனால் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களுடைய திருச்சரித்திரத்தைக் காப்பியமாகத் தமிழில் படிக்க அவர்களுக்கு ஒரு நூல் இல்லை. கம்பர் பாடிய இராமகாதை இருந்தது. சிவனடியார் சரித்திரமாகப் பெரிய புராணம் இருந்தது. நமக்கென்று அப்படி ஒன்று இல்லையே என்கிற குறை வள்ளலின் மனதில் இருந்தது. எட்டையபுரம் சமஸ்தானத்தில் புலவராக இருந்த உமறுப் புலவரை அழைத்து அந்த வேலையை ஒப்படைத்தார். அரபிக் கிதாபுகளிலிருந்து வரலாற்றை எடுத்துச் சொல்ல ஆலிம் வேண்டுமே. அதற்காகப் புலவரை ஸதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களிடம் அனுப்பி வைத்தார். அப்பா அவர்கள் முதலில் தயங்கினார்கள் என்றும், பின்னர் மனமிரங்கி, பரங்கிப்பேட்டையிலிருந்த தம் மாணாக்கர் ஒருவரிடம் புலவரை அனுப்பினார்கள் என்றும் வரலாறு சொல்லுவர்.

நூல் எழுதுவது பாத்திரக் கடையில் தட்டு வாங்குவது போல் அல்ல. ஆண்டுக் கணக்காகும். அதுவரையில் புலவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அந்த அடுப்புக்கு விறகு வைத்தவர் வள்ளல். ஆனால் அல்லாஹ்வின் நாட்டம் வேறாக இருந்தது. நூல் நிறைவேறுவதற்கு முன்னமேயே வள்ளல் வபாத்தாகிவிட்டார். எந்தக் காரியத்தின் மேல் உயிராக இருந்தாரோ அது முடிந்ததை அவர் கண் பார்க்கவில்லை.

சகோதரர்களே, இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். ஒரு பெரிய காரியத்தை ஆரம்பித்தவர் பாதியில் போய்விட்டார். புலவருக்கு ஆதரவு இல்லை. வேறு ஊராக இருந்தால் ஏடுகளைக் கட்டிப் பரணில் போட்டிருப்பார்கள். கறையான் தின்றிருக்கும். அப்படி நடக்கவில்லை. பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த அபுல் காசிம் மரக்காயர் என்னும் இன்னொரு வியாபாரி முன்வந்து அந்தப் பாரத்தைத் தம் தலையில் ஏற்றுக் கொண்டார். அவர் ஆதரவில் வேலை தொடர்ந்து அரங்கேறியது. நன்றி மறவாத புலவர் நூலின் பல இடங்களில் அபுல் காசிமைப் போற்றி வைத்திருக்கிறார். அந்த நூலே சீறாப்புராணம். மூன்று காண்டம், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டு.

அத்தோடும் நிற்கவில்லை. உமறுப் புலவர் நாயகத்தின் வரலாறு முழுவதையும் பாடி முடிக்கவில்லை. எஞ்சிய பாகத்தைப் பிற்பாடு பனீ அகமது மரக்காயர் என்பவர் சின்னச் சீறா என்று பாடி நிறைவு செய்தார். ஓலைச் சுவடியாக இருந்ததைக் காயல்பட்டினத்துப் புலவர் நாயகம் ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் பிரதிகளை ஒப்புப் பார்த்து 1842இல் அச்சிட்டு வெளிப்படுத்தினார்கள். சிங்கப்பூரிலே கடையநல்லூர்ச் சகோதரர்கள் சேர்ந்து 1946இல் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் தொடங்கியபோது உமறுப் புலவர் பேரையே அதற்கு வைத்தார்கள். அந்தப் பேரில் ஒரு தமிழ் மொழி நிலையம் இன்றும் அங்கே இருக்கிறது. எண்ணிப் பாருங்கள். கீழக்கரையில் ஒருவர் போட்ட சோற்றை உண்டு பாடிய புலவரின் பேரால், கடல் தாண்டி, இத்தனை தலைமுறைக்குப் பின், பிள்ளைகள் தமிழ் படிக்கிறார்கள்.

இனி அந்த மோதிரக் கதைக்கு வருகிறேன். யாவரும் அறிந்த கதைதான். வறுமைப்பட்ட ஒரு புலவர் வள்ளலை நம்பி நெடுந்தூரம் நடந்து கீழக்கரைக்கு வந்தார். வந்தவருக்கு வள்ளல் மவுத்தாகிவிட்டார் என்ற சேதிதான் கிடைத்தது. மனம் உடைந்த புலவர் கபுறுக்குப் போய் அழுது பாடினார். உடனே கபுறு பிளந்து, மோதிரம் அணிந்த கை ஒன்று வெளியே நீண்டது. புலவர் மோதிரத்தைக் கழற்றிக் கொண்டு கண்ணீரோடு போனார். இதுவே கதை. 2018இல் வந்த ஒரு தமிழ்ப் படத்துக்கும் சீதக்காதி என்று பேர் வைத்தார்கள். மறைந்த பிறகும் தன் கலையை விட்டுப் போகாத ஒரு நடிகனின் கதை அது. அவ்வளவு தூரம் இந்தப் பேர் தமிழ் ஜனங்கள் மனதில் ஊறியிருக்கிறது.

கபுறிலிருந்து கை வருமா என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். மார்க்கம் படித்தவர்களும் கேட்கிறார்கள். கேட்பதில் குற்றமில்லை. நான் ஒரு கடைக்காரன், ஆலிம் அல்ல. என் புத்திக்கு எட்டியதைச் சொல்லுகிறேன். மண்ணுக்குள் போன கை வெளியே வராது. ஆனால் வள்ளலின் வீட்டில் மனைவி மக்கள், தம்பிமார், கணக்குப்பிள்ளை, கப்பல் கூட்டாளி என்று எத்தனையோ கைகள் உயிரோடு இருந்தன. நம்பி வந்தவன் வெறுங்கையோடு போகக் கூடாது என்பதை அந்தக் கைகள் அவரிடமிருந்து கற்றிருந்தன. புலவர் வந்து அழுதபோது அவற்றில் ஒரு கை நீண்டிருக்கும். வாங்கியவனுக்கு அது வள்ளலின் கையாகவே தெரிந்திருக்கும். ஜனங்கள் அதைக் கபுறிலிருந்து வந்த கை என்று சொன்னார்கள். சொன்னதில் பொய் என்ன இருக்கிறது? பாதியில் நின்ற சீறாவுக்கு நீண்ட அபுல் காசிமின் கையும், சுவடியைத் தேடி எடுத்து அச்சிலே ஏற்றிய கையும் அதே கைதானே!

மனிதன் மவுத்தானதும் அவன் அமல்கள் நின்று போகின்றன என்றும், நிலையான தர்மம், பயன் தரும் கல்வி, துஆச் செய்யும் நல்ல பிள்ளை ஆகிய மூன்று மட்டும் நிற்பதில்லை என்றும் மதரஸாவில் சின்ன வயதிலேயே ஓதியிருக்கிறோம். வள்ளலிடத்தில் பள்ளிவாசலும் இருந்தது, சீறாவும் இருந்தது. மூன்றாவது, பின்னால் வருகிறவர்களின் பொறுப்பு. அதை மவுத்தானவர் செய்ய முடியாது. நாம்தான் செய்ய வேண்டும்.

அந்தப் பின்னால் வருகிற கை நீளவும் நீளும், மூடிக் கொள்ளவும் செய்யும். அதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. அபுல் காசிமின் ஊராகிய பரங்கிப்பேட்டையிலிருந்தே பினாங்குக்கு வந்தவர் காதர் முகைதீன் என்னும் வியாபாரி. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1801இல் அவரை நம்மவருக்குத் தலைவராக நியமித்தார்கள். பள்ளிவாசலுக்கு நிலமும் கொடுத்தார்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் என்று இன்றும் நாம் தொழுகிற பள்ளி அது. அவர் 1834இல் வபாத்தானார். அவரைப் போலவே பல தனவந்தர்கள் வீடும் கடையும் தோட்டமும் வக்பு எழுதி வைத்தார்கள். காலம் போகப் போக அந்தக் காலத்து வக்புகளில் பலவற்றை நம்பிக்கையாளர்கள் சரியாக நடத்தவில்லை. வாடகை வந்தது, தர்மம் நடக்கவில்லை. கடைசியில் 1905இல் அரசாங்கம் சட்டம் செய்து, முஸ்லிம், இந்து தர்மச் சொத்துகளைப் பார்ப்பதற்கென்று ஒரு போர்டு வைக்க நேர்ந்தது. கொடுத்தவர்களிடத்தில் குறை இல்லை. இடையில் இருந்த கை மூடிக் கொண்டது. அதனால் வந்த வினை.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் வீடுகளிலேயே பார்க்கலாம். எங்கள் பெரிய வாப்பா கிள்ளானில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலாக் கப்பலில் வந்தவர். அவர் மவுத்தான பிறகு கல்லா மேசையின் இழுப்பறையில் ஒரு பழைய நோட்டு அகப்பட்டது. அதில் 17 பேர் பேர்கள். ஒவ்வொரு பேருக்கும் நேரே மாதா மாதம் ஒரு தொகை. பற்று மட்டும் உண்டு, வரவுப் பக்கம் காலி. முதலில் வாராக் கடன் என்றே நினைத்தோம். விசாரித்த பிறகே விஷயம் தெரிந்தது. ஊரில் ஒரு மோதினாரின் விதவைக்கு அரிசிப் பணம். பிரிக்பீல்ட்ஸில் கணவனை இழந்த ஓர் இந்துத் தாயின் வீட்டு வாடகையில் பாதி. தோட்டத்துப் பிள்ளை ஒருவனின் பள்ளிக்கூட பஸ் காசு. கை ஒடிந்து வேலைக்குப் போக முடியாத ஒரு மலாய்க்காரத் தச்சருக்கு மருந்துச் செலவு. வீட்டில் பெரியம்மாவுக்குக் கூட முழுதும் தெரியாது.

வாரிசுகள் கூடி உட்கார்ந்தபோது பேச்சு இரண்டு பக்கம் போயிற்று. அது அவருடைய இஷ்டம், அவரோடு போயிற்று, நமக்குக் கடமை இல்லை என்றது ஒரு பக்கம். சட்டப்படி அந்தப் பேச்சு சரிதான். வசியத்து எழுதி வைக்கவில்லை. மற்றப் பக்கம், அவர் பேரில் நாற்பதாம் நாள் சோறு ஆக்குகிறோமே, அவர் தம் கையால் போட்டு வந்த சோற்றை நிறுத்திவிட்டு இந்தச் சோற்றை ஆக்கி என்ன பிரயோஜனம் என்று கேட்டது. அதற்குப் பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. 17 பேரையும் பங்கு வைத்தார்கள். பாகப்பிரிவினையில் கடையைப் பங்கு வைத்தது போலவே அந்த நோட்டையும் பங்கு வைத்தார்கள். ஆண்டுகள் ஓடின. விதவை மவுத்தானார். பஸ் காசு வாங்கிய பிள்ளை என்ஜினீயராகி அவனே இப்போது இரண்டு பேருக்குக் கொடுக்கிறான். அடித்த பேர்களுக்குப் பதில் புதுப் பேர்கள் ஏறின. நோட்டு இன்னும் மூடப்படவில்லை. பெரிய வாப்பாவின் படம் எங்கள் வீட்டில் இல்லை. அந்த நோட்டு இருக்கிறது.

ஆகவே வியாபாரச் சகோதரர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுவே. நம் பெரியவர்கள் போட்டுக் கொடுத்த முதலில்தான் நாம் நிற்கிறோம். கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா 1863இல் தொடங்கியது நம்மைப் போன்ற வியாபாரிகளின் காசினால். கிள்ளான் தெங்கு கிளானாத் தெருப் பள்ளியிலும் அவர்கள் வியர்வை இருக்கிறது. அவர்களுடைய கடையை வாங்கிக் கொண்டோம், வாடிக்கையை வாங்கிக் கொண்டோம், பேரைப் பலகையில் எழுதி வைத்துக் கொண்டோம். அவர்களுடைய கொடையையும் சேர்த்தே வாங்கிக் கொள்ள வேண்டும். லாபத்தை மட்டும் சுதந்தரித்து தர்மத்தை விட்டுவிடுவது அரைப் பங்கு வாங்குவதாகும்.

கொடுத்துக் கொண்டிருக்கிற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. இடது கை அறியாமல் கொடுக்கிறீர்கள், நல்லது. ஆனால் வீட்டில் நம்பிக்கையான ஒரு பிள்ளையாவது அறிந்திருக்கட்டும். நம் மார்க்கச் சட்டப்படி மவுத்தானவர் பொருளில் முதலில் ஜனாஸாச் செலவு, பிறகு கடன், பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வசியத்து, அதன் பின்னரே வாரிசுகளின் பங்கு. அந்த மூன்றில் ஒன்று, நீங்கள் போன பிறகும் உங்கள் கை நீளுவதற்கு அல்லாஹ் வைத்துக் கொடுத்த வாசல். எழுதி வைக்காவிட்டால் அந்த வாசல் சாத்தியே கிடக்கும். பெரிய சொத்தாக வக்பு செய்ய நினைப்பவர்கள் மாநில இஸ்லாமியச் சமய மன்றத்தின் மூலமே செய்ய வேண்டும். வக்புச் சொத்துக்குத் தனி நம்பிக்கையாளர் அந்த மன்றமே. வாய்ப் பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனால் பிள்ளைகள் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டி வரும். கடைப்பையனிடம் ஒரு மூட்டைச் சரக்குக் கொடுத்தாலும் சீட்டு எழுதிக் கொடுக்கிற நாம், ஆகிரத்துக்கு அனுப்புகிற சரக்குக்குச் சீட்டு எழுதாமல் இருக்கலாமா?

சீதக்காதி வள்ளல் மறைந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அவர் கப்பல்கள் எந்தக் கடலில் உடைந்தன என்று யாருக்கும் தெரியாது. அவர் சேர்த்த பொன் எங்கே போயிற்று என்றும் தெரியாது. அவர் கொடுத்தது மட்டும் மிச்சம் இருக்கிறது. அதுவும் பின்னால் வந்த கைகள் மூடிக் கொள்ளாததனால் மிச்சம் இருக்கிறது.

அல்லாஹு தஆலா வள்ளலுக்கும், அவருக்குப் பின் அந்தக் காரியத்தைத் தாங்கிய நல்லோருக்கும், நம் குடும்பங்களில் கொடுத்துச் சிவந்த கைகளோடு மறைந்த பெரியவர்களுக்கும் மக்பிரத்தைத் தந்தருள்வானாக. அவர்கள் திறந்து வைத்த கணக்கை மூடாமல் நடத்தும் மனதையும் பரக்கத்தையும் நமக்குத் தருவானாக. ஆமீன்.